சிறு தொழிலுக்குப் பின்ட்ரெஸ்ட்: சேவ் ஏறுது, கடைக்கு ஆள் வரல. கோளாறு எங்கே?

#1 நூல்கண்டு

நிலவரத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். கைத்தையல் துணிப்பை விற்கும் சின்ன இணையக் கடை, 40 பொருள். பின்ட்ரெஸ்ட் (படங்களைத் தேடிச் சேமிக்கும் தளம்) கணக்கு திறந்து 4 மாதம், போட்ட "பின்" (இணைப்போடு போடும் படப் பதிவு) 120. இதுவரை இம்ப்ரெஷன் (பின் திரையில் காட்டப்பட்ட தடவை) 18,000. சேவ் 300. கடைப் பக்கத்துக்கு வந்த கிளிக் வெறும் 22. இன்ஸ்டாகிராமில் போடற அதே சதுரப் படம், அதே வரி, கீழே பத்து ஹேஷ்டேக். இணைப்பு கடையின் முகப்புப் பக்கத்துக்கு. எதை மாத்தணும், எந்த வரிசையில் மாத்தணும்?

#2 தேடுபொறிதாசன்

நீங்க எழுதின கடைசி மூணு வரியிலேயே கோளாறு எல்லாம் இருக்கு, நண்பரே.

இன்ஸ்டாகிராமில் ஆள் உங்களைப் பின்தொடர்றார், நீங்க போட்டதைப் பார்க்கறார். பின்ட்ரெஸ்டுக்கு வர்றவர் ஏதோ ஒண்ணைத் தேடி வர்றார். உங்க பேர் அவருக்குத் தெரியாது, தெரிஞ்சுக்க ஆசையும் இல்லை. "லேப்டாப் தோள்பை", "பயணத்துக்கு மடக்கும் பை"ன்னு தட்டுவார். அந்தச் சொல் உங்க தலைப்பில், விவரத்தில், போர்டு (பின்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) பெயரில் இருக்கணும். "மழைக்காலத் தொகுப்பு 07"னு தலைப்பு வெச்சா அதைத் தட்டித் தேடப்போறவர் நீங்க ஒருத்தர்தான்.

சொல் பொறுக்கறது இப்படி: பின்ட்ரெஸ்ட் தேடல் பெட்டியில் பொதுச்சொல்லை மட்டும் தட்டுங்க, என்டர் அழுத்தாம நிறுத்துங்க. கீழே விரியும் பரிந்துரைகளை வரிசையா எழுதி வெச்சுக்குங்க. அப்புறம் என்டர் அழுத்தினா மேலே சின்னச் சின்னக் கட்டங்களா கூடுதல் சொற்கள் வரும். இதெல்லாம் ஜனங்க நிஜமாவே தேடும் சொற்கள், காசில்லாம கிடைக்குது. ஒரு பொருளுக்கு ஒரு முதன்மைச் சொல்லும் மூணு நாலு துணைச்சொல்லும் போதும். முதன்மைச் சொல் தலைப்பின் தொடக்கத்திலேயே வரட்டும். தலைப்புக்கு 100 எழுத்து இடம் உண்டுதான், ஆனா ஃபீடில் (கீழே தள்ளிப் பார்க்கும் படவரிசை) கண்ணில் படறது முதல் 40 வாக்கில்தான்.

ஹேஷ்டேக்கை எடுத்துடுங்க. கெடுதல் இல்லை, பலனும் இல்லை. அந்த இடத்தில் ஒரு முழு வாக்கியம் எழுதினா அதிலிருந்து தேடலுக்குச் சொல் கிடைக்கும்.

#3 சட்டகம்

படத்தைப் பத்தி நான் சொல்றேன். முதல் வேலை, சதுரத்தை விடுங்க. 2:3 விகிதம், 1000 × 1500 பிக்சல். ஃபீடில் எல்லாப் பின்னுக்கும் அகலம் ஒண்ணுதான், உயரம்தான் மாறுது. சதுரம் போட்டா அதே அகலத்தில் மூணில் ஒரு பங்கு உயரம் போச்சு. பேராசைப்பட்டு 2:3-ஐ விட நீட்டினாலும் ஃபீடில் அடிப்பகுதி வெட்டுப்படலாம்.

எடுக்கும்போதே நிமிர்த்திப் பிடிச்சு எடுங்க. கைப்பேசிப் படம் 3024 × 4032 என்றால் 2:3-க்கு வெட்டும்போது பக்கத்துக்கு 168 பிக்சல்தான் இழப்பு, கண்ணுக்கே தெரியாது. அதையே படுக்கைவாட்டில் எடுத்திருந்தா 4032 அகலத்தில் 2016 மட்டும் மிஞ்சும். பாதிப் படம் குப்பைக்கு, பையின் கைப்பிடியும் சேர்த்து.

அடுத்தது படத்தின்மேல் எழுத்து. கணினித் திரையில் பெருசா தெரியுதுன்னு ஏமாறக்கூடாது. கைப்பேசியில் ஃபீடு இரண்டு நெடுவரிசை, ஒரு பின்னுக்குக் கிடைக்கற அகலம் சுமார் 180 புள்ளி. அதாவது உங்க 1000 பிக்சல் ஐந்தரை மடங்கு சுருங்குது. 60 அளவில் எழுதினது 11 அளவில் தெரியும். ஆங்கில எழுத்தே அதில் திணறும், சுழியும் கொம்பும் புள்ளியும் உள்ள தமிழெழுத்து வெறும் கறையாத்தான் தெரியும். தமிழுக்கு 100-க்குக் குறையாம வைங்க, தடித்த எழுத்துரு, ஐந்தாறு சொல்லுக்கு மேல் வேண்டாம். சோதிக்க எளிய வழி: படத்தை உங்க கைப்பேசிக்கே அனுப்பி, கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்கி, கையை நீட்டிப் பிடிச்சுப் படிச்சுப் பாருங்க.

கீழே வலது மூலையில் லோகோ வைக்காதீங்க. அந்த இடத்தில் பின்ட்ரெஸ்டின் பொத்தான்கள் வந்து உட்காரும். மேலே நடுவில் அல்லது கீழே இடது பக்கம் வைங்க.

#4 கல்லாப்பெட்டி

> சேவ் 300, கிளிக் 22

இதை எப்படிப் படிக்கணும்னு யாரும் சொல்லலை. சேவ் விழுதுன்னா படம் பிடிச்சிருக்கு. கிளிக் விழலைன்னா படத்திலேயே எல்லாம் முடிஞ்சுபோச்சு, உள்ளே வரக் காரணம் இல்லை. அழகான பை, அழகான வெளிச்சம், சேமிச்சாச்சு, போயாச்சு.

பார்க்கறவர் மனசில் ஒரு கேள்வியைப் பாக்கி வைக்கணும். பையைத் திறந்து 14 அங்குல லேப்டாப் பாதி வெளியே தெரியும்படி ஒரு படம், மேலே "உள்ளே எத்தனை அறை?" என்று ஒரு வரி. இல்லைன்னா மூணு அளவுப் பைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வெச்சு "எந்த அளவு எதுக்கு". விடை கடைப் பக்கத்தில் நிஜமா இருக்கணும், அதுதான் முக்கியம். ஆசை காட்டி உள்ளே இழுத்துட்டு விடை சொல்லாட்டி ஆள் வந்த வேகத்திலேயே திரும்பிடுவார்.

அனலிடிக்ஸில் (பின்ட்ரெஸ்டின் புள்ளிவிவரப் பக்கம்) இரண்டு கிளிக் உண்டு, குழப்பிக்காதீங்க. "பின் கிளிக்" என்பதில் பின்னைப் பெரிதாக்கிப் பார்த்ததும் சேரும். "அவுட்பவுண்ட் கிளிக்" மட்டும்தான் உங்க தளத்துக்கு வந்தது. கல்லாவுக்குச் சம்பந்தம் உள்ளது இரண்டாவது. 120 பின்னையும் அவுட்பவுண்ட் கிளிக் படி வரிசைப்படுத்துங்க. உங்க 22-உம் அநேகமா நாலைந்து பின்னிலிருந்துதான் வந்திருக்கும். அந்த நாலைந்தில் என்ன பொதுன்னு கண்டுபிடிச்சு, அதே மாதிரி இன்னும் 15 பண்ணுங்க.

#5 நூல்கண்டு

பார்த்தேன் சார். 22-இல் 17 கிளிக் மூணே பின்னிலிருந்து. மூணுமே பையைத் திறந்து காட்டின படம். ஆனா அதில் சேவ் ரொம்பக் கம்மி.

முகப்புக்கு இணைப்பு கொடுத்தது தப்பா? 40 பொருளும் அங்கே தெரியுதேன்னு நினைச்சேன்.

#6 கல்லாப்பெட்டி

தப்புதான். நீலப் பையைப் பார்த்துக் கிளிக் பண்ணினவருக்கு முதல் திரையிலேயே அந்த நீலப் பை தெரியணும். அதே படம், இல்லாட்டி அதே படப்பிடிப்பின் இன்னொரு கோணம். 40 பொருளில் தேடச் சொன்னா யாரும் தேடமாட்டாங்க.

பொருள் தீர்ந்துபோனா அந்தப் பக்கத்தை அழிக்கவே அழிக்காதீங்க. இன்ஸ்டாப் பதிவு இரண்டு நாளில் அடங்கிடும். பின் அப்படியில்லை, மூணு வருஷம் கழிச்சும் தேடலில் வந்து நிற்கும். பிறர் தங்கள் போர்டில் சேமிச்சு வெச்சது நம்ம கையிலும் இல்லை. பக்கத்தை அழிச்சா அத்தனை பேரும் "பக்கம் இல்லை" என்ற 404 பிழையில் போய் முட்டுவாங்க. "இருப்பு இல்லை"ன்னு போட்டு, கீழே அதே வகையில் நாலு பையைக் காட்டுங்க. திரும்ப வரவே வராத பொருள்னா நெருங்கின பொருளுக்கு 301 திருப்பம் (பழைய முகவரியிலிருந்து நிரந்தரமா வேற பக்கத்துக்கு அனுப்பறது) வைங்க. முகப்புக்குத் திருப்பினா பழையபடி அதே சிக்கல்தான்.

இணைப்பைச் சுருக்கும் சேவைகளும் வேண்டாம். சுருக்கிய முகவரியை ஸ்பாம்னு தடுத்துடுவாங்க. முழு முகவரி, கடைசியில் யூடிஎம் குறிகள் (வருகை எங்கிருந்துன்னு காட்டும் சொற்கள்). எல்லாம் சின்ன எழுத்தில் ஒரே மாதிரி எழுதுங்க, கூகுள் அனலிடிக்ஸ் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் இரண்டு வேறு மூலமாகக் கணக்கு வைக்கும். யூடிஎம் இல்லாட்டி செயலிக்குள்ளிருந்து வந்த வருகையில் ஒரு பகுதி "நேரடி வருகை"யில் போய் ஒளிஞ்சுக்கும். அப்புறம் பின்ட்ரெஸ்ட் தண்டம்னு நினைச்சு மூடிடுவீங்க.

#7 மறுபக்கம்

ஒரு எதிர்க்குரல் வேண்டாமா? இவ்வளவு உழைப்பும் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது. வீட்டு அலங்காரம், உடை, கைவினை, சமையல், விழா ஏற்பாடு, தோட்டம் இதுக்கெல்லாம் சரி. ஆள் முன்கூட்டியே திட்டம் போட்டு, பார்த்துப் பார்த்து வாங்கற பொருள். குழாய் உடைஞ்சவர் பின்ட்ரெஸ்டில் பிளம்பரைத் தேடமாட்டார். தொழிற்சாலைக்கு பேரிங் விற்கறவர் இங்கே போர்டு போட்டு உட்கார்ந்தா ஈ ஓட்டவேண்டியதுதான்.

பலன் தெரியவும் நாளாகும். மூணு மாசத்துக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லக்கூடாது, ஆறு மாசம் நியாயமான கெடு. இந்த மாசமே விற்பனை வேணும்னா வேற இடம் பாருங்க.

#8 தேடுபொறிதாசன்

மறுபக்கம் சொன்னதில் பாதிக்கு உடன்பாடு. பிளம்பர் விஷயம் சரி. ஆனா சேவைத்தொழில் எல்லாத்தையும் தள்ளமுடியாது. உள்அலங்காரம் செய்பவர், புகைப்படக்காரர், உடற்பயிற்சி சொல்லித்தருபவர் இவங்களுக்குப் பொருள் படம் இல்லாட்டியும் சரிபார்ப்புப் பட்டியல், அளவு அட்டவணை, முன்-பின் படம் எல்லாம் நல்லா ஓடும். இணைப்பு விலைப்பட்டியலுக்கோ விசாரணைப் படிவத்துக்கோ போகணும்.

கெடு பத்திச் சொன்னது முக்கியம். பண்டிகை, பள்ளித் திறப்பு, குளிர்காலம் மாதிரி காலம் சார்ந்த பொருளை 45 முதல் 60 நாள் முன்னாடியே போட்டுடணும். விழாவுக்கு ஒரு வாரம் முன்னாடி போடறது கல்யாணம் முடிஞ்சு பத்திரிகை வைக்கிற மாதிரி. பின்ட்ரெஸ்ட் டிரெண்ட்ஸ் கருவியில் ஒரு சொல்லுக்கான தேடல் வருஷத்தில் எந்த வாரம் ஏறத் தொடங்குதுன்னு வரைபடமா காட்டும். உச்சி எங்கேன்னு பார்க்காதீங்க. கோடு தலைதூக்கற இடம்தான் உங்க பின் ஏற்கெனவே அங்கே இருக்கவேண்டிய நாள்.

#9 பொத்தான்

ஒரு நாளைக்கு எத்தனை போடணும்? சிலர் 25 என்கிறாங்க, சிலர் 1 என்கிறாங்க. தலை சுத்துது.

(இன்னொண்ணு: "பின் போடு"ன்னு எழுதினா எங்க வீட்டில் "எதுக்குப் பின்?"னு கேட்கறாங்க. இதுக்கு ஒரு நல்ல தமிழ்ச்சொல் யாராவது கண்டுபிடிங்க.)

#10 சட்டகம்

25 என்பது பிறர் பின்னை மறுபடி சேமிக்கறதையும் சேர்த்துச் சொன்ன பழங்காலக் கணக்கு. தனியாளா தொழில் நடத்தறவர் நாளுக்கு 1 முதல் 3 புதுப் பின் போட்டாலே நிறைவு. ஒரே நாளில் 20 போட்டுட்டு மூணு வாரம் காணாமப் போறதைவிட இது எவ்வளவோ மேல். வணிகக் கணக்கில் 30 நாள் வரை முன்கூட்டியே அட்டவணை போடலாம், தனி மென்பொருள் அவசியமில்லை.

"புதுப் பின்" என்றால் புதுப் படம்னு புரிஞ்சுக்குங்க. ஒரே பொருள் பக்கத்துக்கு ஐந்து படம் போடலாம்: வெள்ளைப் பின்புலத்தில் பை மட்டும், தோளில் மாட்டினது, திறந்து உள்ளே, தையலை நெருங்கி எடுத்தது, மேசைமேல் மற்ற சாமானோட. ஐந்துக்கும் வேற வேற தலைப்பு, இடையில் சில நாள் இடைவெளி. 40 பொருள் × 5 படம் = 200 பின், நாளுக்கு ஒண்ணு வீதம் ஆறு மாசத்துக்கு மேலேயே வரும். ஒரே படத்தை ஒரே இணைப்போடு பத்து போர்டில் பத்து நிமிஷத்தில் அடிச்சா ஸ்பாம் வடிகட்டியில் மாட்டி கணக்கே முடங்கலாம்.

வெள்ளைப் பின்புலப் படத்தை அழகில்லைன்னு ஒதுக்காதீங்க. 2017-இல் வந்த பின்ட்ரெஸ்ட் லென்ஸ் வசதி படத்தை வெச்சே படம் தேடும். பொருளின் விளிம்பு தெளிவா, தனியா இருந்தா அது சுலபமா பிடிச்சுக்கும். பூவும் புத்தகமும் காப்பிக் கோப்பையும் சூழ எடுத்த படத்தில் விற்கிற பொருள் எதுன்னு மனுஷனுக்கே சந்தேகம் வரும்.

(பொத்தானுக்கு: "குத்தூசி"ன்னு வைங்க, வீட்டில் கேள்வியே வராது.)

#11 குறியாக்கி

யாரும் அடித்தளத்தைத் தொடவில்லை. வணிகக் கணக்கு இலவசம், தனிக்கணக்கை அப்படியே மாற்றிக்கொள்ளலாம். அடுத்து தளத்தை உரிமைகோர வேண்டும், அதாவது அது உங்களுடையது என்று பின்ட்ரெஸ்டுக்கு நிரூபிக்க வேண்டும். மெட்டா டேக் (பக்கத்தின் குறிநிரலில் ஒட்டும் வரி), எச்டிஎம்எல் கோப்பு, டிஎன்எஸ் டெக்ஸ்ட் பதிவு (டொமைன் அமைப்பில் சேர்க்கும் வரி) என மூன்று வழிகள் உண்டு. உரிமைகோரினால் உங்கள் தளத்திலிருந்து பிறர் சேமிக்கும் படங்களின் கணக்கும் உங்கள் அனலிடிக்ஸில் வரும். அதுவரை பாதிக் கதையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பிறகு ரிச் பின். பொருள் பக்கத்தில் ஓபன் கிராஃப் அல்லது ஸ்கீமா குறிச்சொற்கள் (பக்கத்தின் விவரத்தை இயந்திரம் படிக்கும்படி எழுதும் முறைகள்) இருந்தால் விலையும் இருப்பும் பின்னிலேயே தெரியும், தளத்தில் விலை மாறினால் அங்கும் மாறும். அடிக்கடி நடக்கும் பிழை: தளத்தின் தீமும் (தோற்ற வார்ப்புரு) எஸ்இஓ (தேடுபொறிக்கான) செருகுநிரலும் ஆளுக்கொரு தலைப்புக் குறிச்சொல்லைப் போட்டுவிடும். எது எடுபடும் என்று சொல்லமுடியாது. ஒன்றை அணைத்துவிடுங்கள்.

40 பொருள் இருந்தால் கேட்டலாக் (எல்லாப் பொருளின் பட்டியல்) ஏற்றுவது நல்லது. சிஎஸ்வி எனும் அட்டவணைக் கோப்பில் அடையாள எண், தலைப்பு, விவரம், இணைப்பு, பட இணைப்பு, விலை, இருப்பு ஆகிய ஏழும் கட்டாயம். கோப்பு நாளுக்கு ஒருமுறை எடுத்துக்கொள்ளப்படும். நிராகரிப்பு பெரும்பாலும் மூன்று காரணங்களால் வருகிறது. விலை நெடுவரிசையில் எண்ணோடு மூன்றெழுத்து நாணயக் குறி வேண்டும், அங்கே சின்னத்தைப் போட்டிருப்பார்கள். பொருள் இணைப்பு உரிமைகோரிய டொமைனில் இருக்காது. படத்தைச் சேவையகமே தடுத்துக்கொண்டிருக்கும். பிற தளங்கள் படத்தை எடுக்காமலிருக்க வைத்த ஹாட்லிங்க் பூட்டோ, ஃபயர்வாலோ, ரோபாட்ஸ் கோப்போ பின்ட்ரெஸ்ட்பாட்டையும் (பக்கங்களைப் படிக்க வரும் பின்ட்ரெஸ்டின் தானியங்கி நிரல்) சேர்த்து வெளியே நிறுத்திவிடுகிறது. நமக்கு உலாவியில் படம் தெரியும், அதனால் சந்தேகமே வராது. சேவையகப் பதிவேட்டில் அந்தப் பாட் பெயரைத் தேடி, 403 (அனுமதி மறுப்பு) வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

#12 பொத்தான்

தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்திலா? ஏஐ-யில் பின்புலம் போட்டுத் தர்ற கருவிகளைப் பயன்படுத்தலாமா?

#13 தேடுபொறிதாசன்

வாங்கறவர் எந்த மொழியில் தட்டறாரோ அந்த மொழி. இரண்டும் கலந்த தலைப்பு இரண்டு பக்கமும் சறுக்கும். இரண்டு மொழி ஆளும் வேணும்னா ஒரே பொருளுக்குத் தனித்தனிப் பின், போர்டும் தனி. தமிழில் எழுதும்போது ஒரு சங்கதி: யூனிகோடில் "பை" என்பது இரண்டு குறி (ப, அப்புறம் ஐகாரக் கொம்பு), "தோள்பை" ஆறு குறி. நமக்கு மூணு நாலு எழுத்தாத் தெரியறது கணக்கில் அதைவிட நீளம். முதல் 40-க்குள் முதன்மைச் சொல்லை அடக்கறது தமிழில் இன்னும் இறுக்கமா இருக்கும். "அழகிய", "சிறந்த" மாதிரி அடைமொழிக்கு அங்கே இடமே இல்லை.

#14 சட்டகம்

ஏஐ பத்தி: 2025 முதல் ஏஐ-யில் உருவாக்கின அல்லது மாத்தின படத்துக்குப் பின்ட்ரெஸ்ட் அடையாளம் போடுது. படக்கோப்பின் மெட்டாடேட்டாவையும் (கோப்புக்குள் பதிஞ்சிருக்கும் விவரம்) பார்க்கும், அவங்க கண்டறியும் கருவியாலும் பிடிக்கும். அப்படிப்பட்ட படங்களைக் குறைச்சுக் காட்டச் சொல்லும் அமைப்பும் பயனாளர் கையில் இருக்கு. கைத்தையல்னு சொல்லி விற்கிற பைக்குக் கீழே அந்த அடையாளம் வந்தா என்ன நினைப்பாங்க? தையல் தெரியும் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் நீங்களே எடுங்க. வெள்ளைச் சார்ட் அட்டை ஒண்ணை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தினா நிழல் இளகிடும்.

#15 மறுபக்கம்

விளம்பரம் பத்தி ஒரு வரி. சும்மா விட்டே கிளிக் வாங்கின பின்னுக்கு மட்டும் காசு போடுங்க. ஓடாத குதிரையைக் காசு கொடுத்து ஓட்டமுடியாது. அதுக்கு முன்னாடி பின்ட்ரெஸ்ட் டேக் (வந்தவர் என்ன செய்தார்னு பதியும் குறிநிரல்) தளத்தில் ஏறி, கூடையில் போட்டதும் வாங்கினதும் பதிவாகுதான்னு நீங்களே ஒரு ஆர்டர் போட்டுச் சோதிச்சுக்குங்க.

#16 கல்லாப்பெட்டி

அதோட, படத்துக்கு ஆல்ட் உரையும் (படத்தைச் சொல்லில் விவரிக்கும் வரி) பொருளைச் சொல்லும் கோப்புப் பெயரும் கொடுத்துட்டா அதே உழைப்பு கூகுள் படத்தேடலுக்கும் உதவும். கூகுள் டிஸ்கவரில் (கூகுள் செயலியின் பரிந்துரை வரிசை) பெரிய படமா வரணும்னா 1200 பிக்சல் அகலமாவது வேணும். 1000 × 1500 பின்ட்ரெஸ்டுக்குன்னு தனியா வெச்சுக்கிட்டு, கடைப் பக்கத்தில் பெரிய படத்தை ஏத்துங்க.

#17 நூல்கண்டு

முகப்பு இணைப்புகளை மாத்திட்டிருக்கேன், தலைப்பும் ஒண்ணொண்ணா. ஆனா உரிமைகோரல் மட்டும் தோத்துட்டே இருக்கு. மெட்டா டேக் போட்டாச்சு, உலாவியில் "இன்ஸ்பெக்ட்" பண்ணினா தலைப்பகுதியில் பளிச்சுனு தெரியுது. "டேக் கிடைக்கவில்லை" என்றே திரும்பத் திரும்பச் சொல்லுது. கேஷையும் காலி பண்ணியாச்சு.

#18 குறியாக்கி

டேக்கை எதன் வழியாகப் போட்டீர்கள்? டேக் மேனேஜர் (எல்லாக் குறிகளையும் ஒரே இடத்திலிருந்து செருகும் கருவி) வழியா?

#19 நூல்கண்டு

ஆமாங்க, எல்லாக் குறிகளும் அதில்தான் இருக்கு.

#20 குறியாக்கி

அதுதான் காரணம். "இன்ஸ்பெக்ட்" காட்டுவது ஜாவாஸ்கிரிப்ட் ஓடி முடித்தபிறகு உள்ள பக்கம். டேக் மேனேஜர் அந்த ஓட்டத்தில்தான் டேக்கைச் செருகுகிறது. சரிபார்க்க வரும் பாட் சேவையகம் அனுப்பும் மூல எச்டிஎம்எல்லைப் படித்துவிட்டுப் போய்விடும். தனிப்பட்ட சாளரத்தில் கடையைத் திறந்து "பக்க மூலத்தைக் காண்க" கொடுத்துத் தேடுங்கள், டேக் அங்கே இருக்காது. தீமின் தலைப்பகுதிக் கோப்பில், தலைப்பகுதி முடியும் குறிக்கு மேலே நேரடியாக ஒட்டுங்கள். டேக் மேனேஜரில் உள்ளதை நீக்கிவிடுங்கள். கோப்பைத் தொட பயமாக இருந்தால் டிஎன்எஸ் பதிவு போடுங்கள், பரவச் சில மணிநேரம் ஆகும், தீம் மாறினாலும் அது கலையாது.